முழங்காலில் இல்லாத நோ

முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சை எண்டால் நாங்கள் முதலில் கேக்கிறது இரண்டே கேள்வி: எவ்வளவு காசு, எத்தினை வருசம் தாங்கும்? 1974இல் நியூயோர்க்கில் ஜோன் இன்சோலும் அவரது குழுவினரும் இன்றைய செயற்கை மூட்டுக்களின் முன்னோடி வடிவத்தைப் பொருத்தத் தொடங்கினார்கள். அப்போது வைத்தியர்கள் பார்த்ததும் பொறியைத்தான். மூட்டு நேராக இருக்கிறதா, எத்தனை பாகை மடங்குகிறது? ஆனால் எக்ஸ்ரேயில் எல்லாம் சரியாக இருந்தும், ஏறத்தாழ ஐந்து பேரில் ஒருவர் பின்னாளிலும் "இன்னும் நோகுது" என்றார்கள்.

அந்த ஒருவரை விளங்கிக்கொள்ள ஒரு போர்முனைக்குப் போகவேண்டும். இரண்டாம் உலகப்போரில் இத்தாலியில் வேலை செய்த அமெரிக்க வைத்தியர் ஹென்றி பீச்சர், 1946இல் ஒரு விசித்திரத்தை எழுதினார். பெருங்காயப்பட்டு, நினைவோடிருந்த சிப்பாய்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப்பேர் நோ மருந்து வேண்டாம் என்றார்கள். அவர் தந்த விளக்கம்: அந்தக் காயம் அவர்களுக்குப் போரிலிருந்து வெளியேறும் வழி. நோவின் அளவைப் புண்ணின் ஆழம் மட்டும் தீர்மானிப்பதில்லை. அந்தப் புண்ணுக்கு மனுசர் கொடுக்கிற அர்த்தமும் தீர்மானிக்கிறது.

இதை வன்னியில் வைத்துப் பாருங்கள். 2009 பெப்ரவரியில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை மேலேயே செல் விழுந்தது. பிறகு புதுமாத்தளனில் பள்ளிக்கூடமொன்று வைத்தியசாலையானது. அங்கிருந்து செஞ்சிலுவைக் கப்பலில் காயக்காரர் திருகோணமலைக்குப் போனபோது, பல குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தன. தாய் கப்பலில், பிள்ளைகள் கரையில். பீச்சரின் சிப்பாய்க்குக் காயம் வீட்டுக்குப் போகும் வழி; இங்கே காயம் வீட்டை உடைத்தது. அவருடைய கண்டுபிடிப்பு பிழையில்லை, எங்களுக்கு அது தலைகீழாகப் பொருந்துகிறது, அவ்வளவுதான்.

அண்டைக்கு 45 வயதில் பங்கருக்குள் குந்தியிருந்தவர்களுக்கு இண்டைக்கு அறுபது தாண்டிவிட்டது. முழங்கால் தேயும் வயது. சத்திரசிகிச்சை முடிந்து ஓரிரு நாளிலேயே காலை மடக்கி நடக்கச் சொல்வார்கள். நோகும். நோவைக் கண்டதும் "ஏதோ பிழைச்சுப்போச்சு, தையல் பிய்யப்போகுது" எண்டு பயந்தவர் காலை அசைக்கமாட்டார். அசைக்காத மூட்டு இறுகும், இறுகினது பிறகு மடக்கேக்கை இன்னும் நோகும். இந்தச் சுழலை உளவியலாளர்கள் நன்றாகப் படித்திருக்கிறார்கள். நோவைப் பேராபத்தாகக் காணும் மனநிலையை அளக்க, 1995இல் மைக்கல் சலிவனும் சக ஆய்வாளர்களும் 13 கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றை உருவாக்கினார்கள். சத்திரசிகிச்சைக்கு முன் அதில் கூடிய புள்ளி எடுத்தவர்களுக்குப் பின்னாலும் நோ கூட இருந்ததைப் பல ஆய்வுகள் கண்டன. மனச்சோர்வும் அப்படித்தான். இதுக்காக "உங்களுக்கு மனப்பிரமை" எண்டு தட்டிவிடுகிறவர்களை என்ன சொல்ல? அந்த நோ உண்மையான நோ.

ஆனால் அந்த 13 கேள்வியும் தனிமனுசரின் தலைக்குள்ளேயே நிற்கின்றன. யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 2010இல் வன்னியின் கூட்டு மனவடு பற்றி எழுதியபோது, குடும்பமும் ஊரும் சேர்ந்தே உடைந்ததைச் சொன்னார். புதிய முழங்காலோடு கிளிநொச்சிக்குத் திரும்பும் ஒரு அம்மாவிடம் "வீட்டில ஆர் இருக்கினம்?" எண்டு கேட்பதும் சிகிச்சைதான். குந்தும் கக்கூசை மாற்றிக் கட்ட, காலையும் பின்னேரமும் முற்றத்தில கையைப் பிடிச்சு நடத்த, "நோகட்டும், ஒண்டும் பிழைக்கேல்லை, இன்னும் கொஞ்சம் மடக்குங்கோ" எண்டு பக்கத்தில நிண்டு சொல்ல ஆள் வேணும். காணாமலாக்கப்பட்ட பிள்ளையைத் தேடி, 2017 பெப்ரவரியிலிருந்து கந்தசுவாமி கோயிலடியில் போராட்டத்தில் இருந்த தாய்மாரை நினையுங்கோ. அவர்களில் ஒருவர் இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்லுவார்?