வண்டியின் குற்றமா, ஓட்டியவரின் குற்றமா?

பொறி பழுதானால் குற்றம் யாருடையது? பிரித்துப் பார்த்தே சொல்ல வேண்டும். கோவையை அடுத்த கலங்கலில் 1893-இல் பிறந்த ஜி. டி. நாயுடு, மோட்டார் சைக்கிள் ஒன்றை அக்கக்காகக் கழற்றி மீண்டும் பூட்டியே பொறியியல் கற்றார்; 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்தும் ஓட்டினார்.

பிற்காலக் கார்களின் வழக்குகளும் இப்பாடத்தையே புகட்டுகின்றன. 1980-களில் அமெரிக்காவில், ஆடி கார்கள் தாமாகவே பாய்வதாக உரிமையாளர் பலர் முறையிட்டனர். ஆராய்ந்த அரசு, பிரேக் என்று கருதி ஆக்ஸிலரேட்டரை மிதித்ததே பெரும்பாலும் காரணம் என 1989-இல் அறிவித்தது. ஆயின் 2009, 2010-ஆம் ஆண்டுகளில் டொயோட்டா கார்களைப் பற்றி அத்தகைய முறையீடே எழுந்தபோது, மிதியைச் சிக்க வைக்கும் தரைவிரிப்பும், மிதித்தபின் எளிதில் மீளாத மிதியும் கண்டறியப்பட்டன. பல இலட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன.

ஆகவே முறையிடுவோரை எள்ளுவதும் பிழை. ஆராயாது நம்புவதும் பிழை. நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெற ஆணையிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு வழங்கியது. உரிமையாளர்களின் முறையீடும் அதற்கு ஒரு காரணமாகலாம். எனவே நாள், இடம், நிகழ்ந்த முறை ஆகியவற்றை உள்ளது உள்ளவாறு எழுதப் பழகுங்கள். அவ்வெழுத்து பின்வரும் ஓர் உயிரைக் காக்கக்கூடும்.