முசலும் முயலும்

நாஞ்சில் நாட்டுப் பேச்சில் முயல் கிடையாது, முசல்தான். தோவாளையில் யாரிடமாவது "முசல் சாப்பிட்டிருக்கீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். வயதானவர் என்றால் மலையடிவாரத்துக் கதை ஒன்று வரும். ராத்திரி, டார்ச் லைட், நாய், வலை என்று போகும். இளைஞர் என்றால் கூண்டில் இருக்கிற வெள்ளை முயலைச் சொல்வார். இரண்டும் வேறு வேறு விலங்கு என்பது இருவருக்குமே அவ்வளவாகத் தோன்றுவதில்லை. இந்தச் சின்னக் குழப்பம் இந்தத் தொழிலை எப்படியெல்லாம் படுத்தியிருக்கிறது என்பதுதான் இந்தக் குறிப்பு.

நம்ம ஊர்க் காட்டு முயல் லீபஸ் நைக்ரிகாலிஸ். பிடரியில் கறுப்புத் திட்டு இருக்கும். வளை தோண்டாது. புல்லுக்குள் பதுங்கிக் கிடக்கும். குட்டி பிறக்கும்போதே உடம்பில் மயிர் இருக்கும், கண் திறந்திருக்கும். கூண்டு முயல் ஒரிக்டோலேகஸ் குனிகுலஸ். இது வளை தோண்டும் சாதி. குட்டி கண் திறக்காமல், வழுவழுவென்று பிறக்கும். தாய் தன் மயிரைப் பிடுங்கி மெத்தை போடும். முன்னதுக்கு 48 குரோமோசோம், பின்னதுக்கு 44. இரண்டும் சேர்ந்து குட்டி போடாது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. தமிழில் ஒரே பெயர்தான். அது தமிழின் குறை இல்லை, இங்கே இருந்தது ஒரு விலங்குதான்.

அதனால் பழைய இலக்கியத்தில் எங்கே முயலைப் பார்த்தாலும் அது காட்டு முயல்தான். சங்கப் பாடல்களில் வேடர்கள் பிடிப்பதும் அதைத்தான். நிலாவில் நம் ஆட்கள் பார்த்த கறையும் அதுதான். 772-ஆம் குறளில் யானைக்கு எதிரே சின்ன வேட்டையாக வந்து நிற்பதும் அதேதான். முயல் கறி என்றால் இரண்டாயிரம் வருஷமாக நமக்கு வேட்டைக் கறி. வளர்த்து அறுக்கிற கறி இல்லை.

வளர்க்கிற முயலின் கதை ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம் தொடங்குகிறது. ரோமானியர்கள் சுவர் கட்டி அடைத்து வைத்துத் தின்றார்கள். ஆனால் அதைப் பழக்கப்படுத்தல் என்று சொல்ல முடியாது. கிபி 600 வாக்கில் ஒரு போப், முயல் குட்டி இறைச்சியே இல்லை, நோன்பிலும் தின்னலாம் என்று அறிவித்தார், அதனால் மடங்களில் முயல் வளர்த்தார்கள் என்று ஒரு கதை எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். அப்படி ஒரு அறிவிப்பே கிடையாது என்று 2018-ல் வந்த ஒரு ஆய்வுக் கட்டுரை காட்டிவிட்டது. வேறொரு கிரிகோரி எழுதின ஒரு வரியைத் தவறாகப் படித்ததில் கிளம்பின கதை அது. மரபணு ஆய்வுகள் தெற்கு பிரான்ஸைக் கைகாட்டுகின்றன. இன்று உலகம் முழுக்கக் கறிக்கு வளர்க்கும் 'நியூசிலாந்து வெள்ளை' இனம் உருவானது அமெரிக்காவில். பெயரை நம்பி எதையும் எழுதக் கூடாது போல.

தமிழ்நாட்டில் இதற்கு நிலையான இடம் கொடுத்தவை மலைமேல் இருக்கும் செம்மறி ஆட்டுப் பண்ணைகள். மத்திய செம்மறி ஆடு மற்றும் உரோம ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் 1965-ல் வந்தது. ஊட்டி பக்கம் சாண்டிநல்லாவில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வெள்ளை ஜயன்ட், சோவியத் சின்சில்லா போன்ற இனங்கள் இந்த மாதிரி இடங்களிலிருந்துதான் சமவெளிக்கு இறங்கின. பெயரிலேயே குளிர் தெரிகிறது, பாருங்கள்.

தோவாளையில் அதுதான் சிக்கல். முப்பது டிகிரியைத் தாண்டினால் முயலுக்குக் கஷ்டம். அதற்கு வேர்க்காது, காது வழியாகத்தான் சூட்டை விடும். நல்ல வெயிலில் ஆண் முயலின் விந்து கெட்டுப்போகும், தேறி வர இரண்டு மாதம் வரை ஆகும். சித்திரையில் சேர்த்தும் சினை பிடிக்கவில்லை என்றால் பெட்டையைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று நல்லதுதானே என்று நினைக்கலாம். வெயிலுக்கு நல்லது. ஆனால் ஆடிக் காற்று நேராகக் கூண்டில் அடித்தால் குட்டிக்குச் சளி பிடிக்கும். கூண்டை எந்தப் பக்கம் பார்த்து வைப்பது என்பதே இங்கே ஒரு படிப்பு.

இனி சட்டத்துக்கு வருகிறேன். காட்டு முயலை 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. பிடித்தாலும் விற்றாலும் வழக்குதான். கூண்டு முயல் அந்தச் சட்டத்துக்குள் வராது. ஆனால் அதற்கும் ஒரு சோதனை வந்தது. 2011-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் இறைச்சிக்கான விலங்கு எது என்று சொல்லும்போது செம்மறி, வெள்ளாடு, பன்றி, மாட்டினம், கோழியினம், மீன் என்று எழுதியிருந்தன. முயல் இல்லை. 2014-ல் இதைச் சுட்டிக்காட்டி, முயலை அறுக்க அனுமதியில்லை என்று மாநிலங்களுக்குச் சொல்லப்பட்டது. கேரளத்தில் பெரிய கலக்கம். அரசாங்கப் பண்ணையே குட்டி கொடுத்து வளர்க்கச் சொல்லியிருக்கிறது, வங்கி கடன் கொடுத்திருக்கிறது, இப்போது அறுக்கக் கூடாது என்றால் எங்கே போவது என்று வளர்ப்பவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. பிற்பாடு பட்டியலில் வீட்டு முயலைச் சேர்த்தார்கள், லத்தீன் பெயரோடு. அந்த லத்தீன் பெயர்தான் முக்கியம். சட்டத்தில் முசலும் முயலும் பிரிந்தது அங்கேதான்.

மக்கள் மனசில் இன்னும் பிரியவில்லை. தோவாளைப் பக்கம் கொல்லையில் முயல் வளர்த்துக் கறிக்கு விற்கிற ஒருவரிடம், "'வளர்ப்பு முயல்' என்று பலகை வைத்தால் என்ன அண்ணாச்சி?" என்று கேட்டேன். "வளர்ப்புன்னு போட்டா எவன் வாங்குவான்? முசலுன்னு சொன்னாத்தான் வாய் ஊறும். வாயும் ஊறும், ஃபாரஸ்ட்காரன் பிடிப்பானாக்கும்னு பயமும் வரும். ரெண்டும் சேந்துதான் வருது, நான் என்ன செய்யட்டு?" என்றார். காட்டு முசலின் பெருமையை வைத்துத்தான் வியாபாரம் ஓடுகிறது. அதன் மேலுள்ள வழக்கும் கூடவே ஒட்டிக்கொள்கிறது. முடி வளரும் என்று முயல் ரத்த எண்ணெய் தேடி வருகிறவர்களும் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, அவருக்கும் இல்லை.

மூன்று மதத்தாரும் கலந்து வாழும் மாவட்டம் இது. யார் வாங்குவார் என்பதிலும் பழைய முசல் குறுக்கே வருகிறது. மனுஸ்மிருதி முயலைத் தின்னலாம் என்கிறது. இஸ்லாத்தில் சன்னி பிரிவினருக்குத் தடையில்லை, ஷியாக்களுக்கு உண்டு. பைபிளில் லேவியராகமம் 11-ஆம் அதிகாரம் முசலை விலக்குகிறது, அசைபோடும், ஆனால் விரிகுளம்பில்லை என்று. (தமிழ் பைபிளிலும் முயல் இல்லை, முசல்தான்.) பெரும்பாலான சபையார் இந்த உணவு விதியை இன்று கடைப்பிடிப்பதில்லை. முயல் ஆடு மாதிரி அசைபோடுவதில்லைதான். ஆனால் தன் மென்மையான புழுக்கையை மறுபடி தின்று இரண்டு தடவை செரிக்கும். பார்த்து எழுதினவர் ஏதோ பார்த்துத்தான் எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்திலும் இருந்தது காட்டு முயல்தான், வளர்ப்பு முயல் இல்லை.

கடைசியாகப் பணம். "பத்து யூனிட் வாங்குங்க, குட்டியை நாங்களே திரும்ப எடுத்துக்கிறோம்" என்று சொல்லும் திட்டங்களைக் கண்டால் ஒதுங்கிவிடுங்கள். அதில் குட்டியை வாங்குகிறவன் கறி தின்பவன் இல்லை, அடுத்ததாகப் பண்ணை வைக்கப் போகிறவன். அவன் வருவது நின்றால் எல்லாம் நின்றுவிடும். 2012-ல் பெருந்துறை ஈமு கோழி விஷயத்தில் இதைத்தான் பார்த்தோம்.

கணக்கைச் சின்னதாகப் போட்டுப் பார்க்கலாம். மூன்று பெட்டை, ஒரு ஆண். சினைக்காலம் ஒரு மாதம். நம்ம வெயிலுக்கு வருஷம் ஐந்து ஈற்று, ஈற்றுக்கு ஆறு குட்டி என்று வைத்தால் 90 பிறக்கும். சொறி, ரத்தக்கழிச்சல் எல்லாம் போக 70 தேறினால் நல்ல கைராசி. மூன்று மாதத்தில் ஒவ்வொன்றும் இரண்டு கிலோ எடை வரும், அறுத்தால் பாதிதான் கறி. மாசத்துக்கு ஆறு முயல், ஆறு கிலோ. கூண்டு வாங்குவதற்கு முன்னால், அந்த ஆறு கிலோவை மாசா மாசம் வாங்க உங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலும் எத்தனை வீடு இருக்கிறது என்று போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.