கடைமடையும் கட்டளையும்

காரைக்காலின் வடபகுதிக் கடற்கரையில் இருக்கிறது மண்டபத்தூர். கல்லணைக்குக் கீழே பல கிளைகளாகப் பிரியும் காவிரி, அரசலாறு, நாட்டாறு, நூலாறு, நண்டலாறு என்று பெயர் மாறி மாறி வந்து கடலைத் தொடும் நிலப்பரப்பு இது. மேலே உள்ளவர்கள் ஓர் ஆணையை மதித்தார்களா என்பதை அறிய இங்கே தீர்ப்பு நகலைப் புரட்ட வேண்டியதில்லை. வாய்க்காலை எட்டிப் பார்த்தால் போதும்.

1924இல் சென்னையும் மைசூரும் காவிரி நீருக்காக ஒப்பந்தம் செய்துகொண்டபோது காரைக்கால் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது. ஒப்பந்தத்தில் அதற்கு இடமில்லை. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1990இல் அமைந்த நடுவர் மன்றம், 1991 ஜூன் 25இல் தந்த இடைக்கால ஆணையில், ஆண்டுக்கு 205 டிஎம்சி நீர் மேட்டூரை அடைய வேண்டும் என்றது. காரைக்காலுக்காக 6 டிஎம்சியைத் தமிழ்நாடு விட வேண்டும் என்றும் சொன்னது.

ஒரு மாதத்திற்குள் அந்த ஆணையைச் செல்லாததாக்க கர்நாடகம் அவசரச் சட்டம் பிறப்பித்தது. தன் வழக்கில் தானே நீதிபதியாக இருக்க முடியாது என்ற பழைய நியதியையும் சுட்டிக்காட்டி, அச்சட்டம் அரசியல் சாசனத்திற்குப் புறம்பானது என்று உச்ச நீதிமன்றம் நவம்பர் 22 அன்று கருத்துரைத்தது. சட்டம் வீழ்ந்தது, ஆனால் தண்ணீர்த் தகராறு தீரவில்லை.

1971ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டம், நீதிமன்ற ஆணைக்கு வேண்டுமென்றே கீழ்ப்படியாமல் இருப்பதை உரிமையியல் அவமதிப்பு என்கிறது. உச்ச அளவுத் தண்டனை ஆறு மாத வெறுங்காவல், இரண்டாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். நடுவர் மன்றத்தின் முடிவுக்கு உச்ச நீதிமன்ற ஆணைக்குரிய வலிமை உண்டு என்ற விதியோ 2002இல்தான் நதிநீர்ச் சட்டத்தில் சேர்ந்தது. அதாவது, பதினொரு ஆண்டுகள் இடைக்கால ஆணை பல்லில்லாமல் நின்றது.

அதே 2002இல் மழை பொய்த்தது. நாள்தோறும் 1.25 டிஎம்சி விடுமாறு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் பணித்தது. கர்நாடகம் இடையில் நிறுத்தியது. அவமதிப்பு வழக்கு வந்தது. கடைசியில் முதலமைச்சர் எஸ்.எம். கிருஷ்ணா நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்டார். 2016 செப்டம்பரில், ஆணை நிலுவையில் இருக்கும்போதே, குடிநீருக்கு மட்டுமே தண்ணீர் என்று கர்நாடகச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. அக்டோபரில் மறுபடி நீர் திறந்தார்கள்.

ஒவ்வொரு முறையும் விவாதம் 'வேண்டுமென்றே' என்ற ஒற்றைச் சொல்லைச் சுற்றியே நடந்தது. அணையில் நீரில்லை என்று ஒருவர் சொல்வார். இருக்கிறது என்று மற்றவர் சொல்வார். வாதம் முடிவதற்குள் நாற்று கருகிவிடும். மன்னிப்பு நீதிமன்றத்தின் மாண்பைக் காப்பாற்றலாம். போன பருவத்தை அது திருப்பித் தராது. அவமதிப்புச் சட்டம் ஆளைத் தண்டிக்கத் தெரிந்தது, நாளைப் பிடித்து வைக்கத் தெரியாதது.

2018 பிப்ரவரி 16 தீர்ப்பு தமிழ்நாட்டுக்கு 404.25 டிஎம்சியும் புதுச்சேரிக்கு 7 டிஎம்சியும் என்றது. செயல்திட்டம் வகுக்க மத்திய அரசுக்கு ஆறு வாரம் தந்தது. கெடு கடந்ததும் தமிழ்நாடு அவமதிப்பு மனு போட்டது. யாரும் தண்டிக்கப்படவில்லை, ஆனால் ஜூன் 1இல் மேலாண்மை ஆணையம் அரசிதழில் அறிவிக்கப்பட்டது. அந்த மனுவின் உண்மையான பயன் இதுதான்: இடைவிடாமல் அளக்கும் ஓர் அமைப்பு உருவாயிற்று. ஆணையை நிறைவேற்றுவது நல்லெண்ணத்தின் பொறுப்பாக இல்லாமல், அளவுகோலின் பொறுப்பாக மாறத் தொடங்கியது.

பிலிகுண்டுலுவில் எத்தனை கன அடி என்று நாம் நாள் தவறாமல் கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். ஆனால் காரைக்காலின் பங்கு வந்து சேர்வது தமிழ்நாட்டின் கைவழியே. மேல்மடையிடம் கீழ்ப்படிதலைக் கோருகிறவர், தனக்குக் கீழே உள்ள மடைக்குத் தானே மேல்மடை என்பதை மறந்துவிடலாகாது. மண்டபத்தூர்ப் பக்கத்து வயலுக்கு அந்த 7 டிஎம்சி உரிய நாளில் சென்று சேர்ந்ததா என்ற கேள்வியும் அதே அளவுகோலில்தான் வைக்கப்பட வேண்டும்.