சட்டத்துக்குள் ஒரு தூரிகை

ஏவா கொன்ஸாலெஸ் ஓவியம் தீட்டுவதாக எத்வார் மானே வரைந்து, 1870இல் பாரிஸ் ஸலோனில் வைத்த உருவச்சித்திரத்தில் ஒரு பொய் இருக்கிறது. ஏவாவின் தூரிகை ஒரு பூச்சித்திரத்தின் மேல் நிற்கிறது. அந்தச் சித்திரமோ முடிந்துபோய், பொன்முலாம் சட்டத்துக்குள் இருக்கிறது. முடிந்த படத்துக்கு யார் வர்ணம் வைப்பார்கள்? உடையும் அப்படித்தான். தரையில் விரிந்து கிடக்கும் வெள்ளை உடுப்பில் எண்ணெய் வர்ணத்தோடு யாரும் மல்லுக்கு நிற்பதில்லை. காலடியில் ஒரு வெள்ளைப் பூ வேறு.

1874இல் மானே, படகில் உட்கார்ந்து வரையும் மோனேயைத் தீட்டினார். அங்கே சட்டம் கிடையாது, வேலை நடந்துகொண்டிருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்து மானேயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடலாம். நானும் ஏற்றியிருக்கிறேன். இப்போது அவ்வளவு நிச்சயமாக இல்லை.

காரணம், 1869இல் பெர்த் மோரிஸோ தன் சகோதரிக்கு எழுதிய கடிதம். ஏவா தினமும் வந்து உட்காருகிறார், மானே சாயங்காலமானால் தலையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுகிறார், இருபத்தைந்தாவது தடவையாக மறுபடி ஆரம்பித்திருக்கிறார் என்கிறார். பொறாமையும் கேலியும் கலந்த கணக்கு. எண்ணை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் வெறும் அழகான பெண்ணாக வரைவதென்றால் மானேவுக்கு இத்தனை பாடு எதற்கு? மோரிஸோவையே அவர் பத்துத் தடவைக்கு மேல் வரைந்தார். விசிறி உண்டு, வயலட் பூங்கொத்து உண்டு. ஒரு தடவைகூடத் தூரிகை இல்லை. இத்தனைக்கும் அவர்தான் பெரிய ஓவியர். ஏவாவுக்கு மானே தூரிகையைக் கொடுத்தார். கொடுத்த பிறகு அந்தக் கை என்ன செய்யும் என்பது அவருக்குப் பிடிபடவில்லை. சட்டமிட்ட பூக்களை நான் இப்போது அந்தத் திணறலின் அடையாளமாகவே பார்க்கிறேன்.

அந்தக் கை என்ன செய்தது என்பதற்குச் சாட்சி அதே ஸலோனில் இருந்தது. ஏவா அனுப்பிய ஓவியம் பூக்கள் அல்ல, எக்காளம் ஏந்திய படைச்சிறுவன். மானேயின் புல்லாங்குழல் சிறுவனிடம் அது பட்ட கடன் வெளிப்படை. அந்தப் புல்லாங்குழல் சிறுவனை 1866இல் ஸலோன் நிராகரித்திருந்தது. மாணவியின் சிறுவனை அரசாங்கமே வாங்கிக்கொண்டது.

1883 ஏப்ரல் 30இல் மானே இறந்தார். சில நாட்களில், பிரசவத்துக்குப் பின், ஏவாவும். உருவச்சித்திரத்துக்கு லண்டனும் டப்ளினும் வெகுகாலம் உரிமை கொண்டாடின. படைச்சிறுவன் தெற்கு பிரான்ஸில், வில்நெவ்-ஸுர்-லோ என்ற சிற்றூரின் மியூஸியத்தில் நிற்கிறான்.