சிட்டிசன் கேனை ஜெயிச்ச படத்தை நீங்க பார்த்திருக்கீங்களா?

இன்னைக்கு எபிசோட் ஒரு மன்னிப்புல ஆரம்பிக்குது. நான் மன்னிப்பு கேட்க வேண்டியது ஒரு படத்துகிட்ட.

முதல்ல சூழ்நிலையைச் சொல்லிடறேன். லாஸ் ஏஞ்சலஸ்ல ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆஸ்கார் விழா நடக்கும்போது நமக்குத் திங்கட்கிழமை விடிகாலை. அதனால வருஷத்துல அந்த ஒரு திங்கட்கிழமை மட்டும் எங்க டீம்ல பத்து மணி வரைக்கும் யாரும் ஒரு வரி கோட் எழுத மாட்டாங்க. யாருக்காவது பிடிச்ச படம் தோத்திருக்கும். உடனே ஒருத்தர் அந்த வாக்கியத்தை எடுத்து விடுவார்: "விடுங்கப்பா, சிட்டிசன் கேனுக்கே கொடுக்காத ஆஸ்கார்தானே!" அந்த ஒருத்தர் பெரும்பாலும் நான்தான்.

போன தடவை டீமுக்குப் புதுசா வந்த பொண்ணு ஒருத்தங்க அமைதியா ஒரு கேள்வி கேட்டாங்க. "சரி அண்ணா, அந்த வருஷம் ஜெயிச்ச படம் எது? அது மோசமான படமா?"

படத்தோட பேர் எனக்குத் தெரியும். 'ஹவ் கிரீன் வாஸ் மை வேலி'. ஆனா நான் பார்த்ததில்லை. காலேஜ் ஹாஸ்டல்ல இருந்து இத்தனை வருஷமா ஒரு படத்தைப் பார்க்காமலே கிண்டல் பண்ணிட்டு இருந்திருக்கேன். பக் ரிப்போர்ட்டைப் படிக்காமலே டிக்கெட்டை மூடுற ஆள் மாதிரி.

சரி, அந்த வருஷம் என்னதான் நடந்தது?

1941 மே 1ஆம் தேதி நியூயார்க்கில் 'சிட்டிசன் கேன்' வெளியானது. டைரக்டர், ஹீரோ, தயாரிப்பாளர், கதாசிரியர்களில் ஒருவர், எல்லாமே ஆர்சன் வெல்ஸ். அன்றைக்கு அவருக்கு வயது 25. ஒரு பத்திரிகை முதலாளியின் எழுச்சியும் தனிமையும்தான் கதை. அது வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்ட் என்ற நிஜப் பத்திரிகை முதலாளியைப் பார்த்து எழுதியது என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. ஹெர்ஸ்டுக்கும் தெரிந்தது. தயாரித்த ஆர்கேஓ ஸ்டூடியோவின் விளம்பரங்களை அவருடைய பத்திரிகைகள் புறக்கணித்தன. எம்ஜிஎம் ஸ்டூடியோவின் லூயி பி. மேயர் தரப்பிலிருந்து ஆர்கேஓவுக்கு ஒரு பேரமும் வந்தது: 8 லட்சம் டாலருக்கு மேல் தருகிறோம், நெகட்டிவைக் கொடுத்துவிடுங்கள், எரித்துவிடலாம். ஆர்கேஓ தலைவர் ஜார்ஜ் ஷேஃபர் மறுத்துவிட்டார். அந்த ஒரு 'முடியாது' இல்லாவிட்டால் இன்றைக்கு இந்தப் பேச்சே கிடையாது.

விமர்சகர்கள் படத்தைக் கொண்டாடினார்கள். நியூயார்க் விமர்சகர்கள் அந்த வருஷத்தின் சிறந்த படமாக அதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் தியேட்டரில் முதல் ரவுண்டில் நஷ்டம்.

1942 பிப்ரவரி 26, லாஸ் ஏஞ்சலஸ் பில்ட்மோர் ஹோட்டலில் ஆஸ்கார் விழா. கேனுக்கு 9 பரிந்துரைகள். கிடைத்தது ஒன்றே ஒன்று, ஒரிஜினல் திரைக்கதைக்கு. அதையும் வெல்ஸும் ஹெர்மன் மேன்கவிட்ஸும் பங்கு போட்டுக்கொண்டார்கள். வெல்ஸ் அப்போது பிரேசிலில் வேறொரு படப்பிடிப்பில் இருந்தார். சிறந்த படம், சிறந்த டைரக்டர், ஒளிப்பதிவு, கலை, துணை நடிகர் என ஐந்து விருதுகளை ஜான் ஃபோர்டின் 'ஹவ் கிரீன் வாஸ் மை வேலி' அள்ளிக்கொண்டு போனது.

இதுவரைக்கும் எல்லா சினிமா ரசிகருக்கும் தெரிந்த கதைதான். "பொறாமை, அரசியல், பணம், ஜீனியஸைத் தோற்கடிச்சுட்டாங்க." இதில் உண்மை நிறையவே இருக்கு. ஆனா இந்தக் கதையில ஜெயிச்ச படத்தைப் பத்தி யாருமே பேச மாட்டாங்க. அதைத்தான் நான் பார்த்தேன்.

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். எங்க ஊர் நெய்வேலி. அப்பா சுரங்கத்துல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். டிவியில படத்தைப் போட்டேன். டைட்டிலைப் பார்த்துட்டு அப்பா கேட்டார்: "என்னடா, வேலியைப் பத்தின படமா?"

"வேலி இல்லப்பா, பள்ளத்தாக்கு. நிலக்கரிச் சுரங்கத்துல வேலை செய்யற குடும்பத்தோட கதை."

"அப்போ நம்ம நெய்வேலின்னு சொல்லு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

கதை வேல்ஸில் நடக்கிறது. மார்கன் என்ற குடும்பம். அப்பாவும் பெரிய பிள்ளைகளும் சுரங்கத்தில் வேலை. கடைசிப் பையன் ஹியூ வயசான பிறகு ஊரைவிட்டுக் கிளம்பும்போது எல்லாவற்றையும் நினைத்துப் பார்க்கிறான். கூலி குறைகிறது. பிள்ளைகள் சங்கம் வேண்டும் என்கிறார்கள். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. சாப்பாட்டு மேஜையிலேயே குடும்பம் உடைகிறது. ஒவ்வொரு பிள்ளையாகக் கப்பலேறிப் போகிறார்கள். பச்சையாக இருந்த பள்ளத்தாக்கின் மேல் சுரங்கக் கழிவு கருப்பாக ஏறிக்கொண்டே வருகிறது.

ஆரம்பத்தில் ஒரு காட்சி. சம்பள நாள். வேலை முடிந்து வருகிற ஆம்பளைங்க எல்லாரும் வரிசையாக வந்து, வாசலில் உட்கார்ந்திருக்கும் அம்மாவின் மடியில் காசைப் போட்டுவிட்டு உள்ளே போகிறார்கள். எங்கப்பாவுக்கு இங்கிலீஷ் வசனம் பாதிதான் புரியும். இந்தக் காட்சிக்கு வசனமே தேவைப்படவில்லை. "உங்க பாட்டியும் இப்படித்தான்டா" என்றார். "கவரைப் பிரிக்காம கொண்டு வந்து கையில கொடுக்கணும். பஸ்ஸுக்குக் காசை அவங்கதான் திருப்பிக் கொடுப்பாங்க."

நெய்வேலி திறந்தவெளிச் சுரங்கம். வேல்ஸ் மாதிரி பூமிக்கு அடியில் குடைந்து போகும் சுரங்கம் இல்லை. ஆனா அந்த மடி ஒண்ணுதான்.

பாதியில் அப்பா கேட்டார்: "இது நிஜமான ஊரா?" இல்லை. அங்கேதான் ஒரு சுவாரஸ்யமான விஷயம் இருக்கு. படத்தை வேல்ஸிலேயே எடுக்கத்தான் முதலில் நினைத்தார்கள். ஆனால் பிரிட்டன் போரில் இருந்தது. அதனால் கலிஃபோர்னியாவில், மாலிபு பக்கத்து மலைகளில், வேல்ஸ் கிராமம் ஒன்றையே கட்டினார்கள். கலரில் எடுக்கும் திட்டமும் போனது, ஏனென்றால் அந்த மலைகளின் நிறம் வேல்ஸின் பச்சைக்கு ஒத்துவரவில்லை. பேரிலேயே பச்சை இருக்கும் ஒரு படம் கருப்பு வெள்ளையில் வந்தது இப்படித்தான். ஹியூவாக நடித்த ரோடி மெக்டவல், லண்டன் மேல் குண்டு விழுந்துகொண்டிருந்த 1940இல் அங்கிருந்து அமெரிக்காவுக்குக் கூட்டிவரப்பட்ட பையன்.

இப்போ அந்த விழாத் தேதியை மறுபடி பாருங்க. 1942 பிப்ரவரி 26. பேர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்தது 1941 டிசம்பர் 7. மூணு மாசம்கூட ஆகவில்லை. படாடோபமான உடை வேண்டாம் என்று விருந்தினர்களிடம் சொல்லியிருந்தார்கள். ஓட்டுப் போட்ட பலரின் வீட்டுப் பிள்ளைகள் போருக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரம். ஒரு பக்கம், பணக்காரன் ஒருவனின் வாழ்க்கையைக் கலைத்துப் போட்டு ஆராய்கிற புத்திசாலிப் படம். இன்னொரு பக்கம், பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போய் வெறிச்சோடுகிற ஒரு வீடு. அவர்கள் ஏன் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்கு ஹெர்ஸ்ட் மட்டுமே காரணம் என்று இனிமேல் என்னால் சொல்ல முடியாது. இது என் கருத்துதான். ஆனா படத்தைப் பார்த்துட்டுச் சொல்ற கருத்து.

அப்போ கேன் எப்படி 'உலகத்தின் சிறந்த படம்' ஆச்சு? இதுதான் எனக்கு விருதுகளைவிடப் பெரிய கேள்வி.

லண்டனிலிருந்து வரும் 'சைட் அண்ட் சவுண்ட்' பத்திரிகை, பத்து வருஷத்துக்கு ஒரு தடவை விமர்சகர்களிடம் வாக்கெடுப்பு நடத்தும். முதல் வாக்கெடுப்பு 1952இல். முதலிடம் 'பைசைக்கிள் தீவ்ஸ்'. கேன் முதல் பத்தில்கூட இல்லை. 1962இல் கேன் முதலிடம். அதற்குப் பிறகு 2002 வரைக்கும் ஐந்து வாக்கெடுப்பிலும் அசையவில்லை. படம் அதேதான், ஒரு ஃபிரேம்கூட மாறவில்லை. நடுவில் நடந்தது இதுதான்: போர் முடிந்து 1946இல் பிரான்ஸில் படம் வெளியாக, ஆந்த்ரே பஸான் மாதிரி விமர்சகர்கள் அதைப் பற்றி எழுத ஆரம்பித்தார்கள். 1956இல் அமெரிக்கத் தியேட்டர்களுக்கு மறுபடி வந்தது. ஆர்கேஓவின் பழைய படங்கள் டிவிக்கு விற்கப்பட்டதால் வீட்டுக்குள்ளும் வந்தது. ஒரு புதுத் தலைமுறைக்கு அதைப் பார்க்க வாய்ப்பு கிடைத்தது. அவ்வளவுதான்.

இன்னும் நல்ல உதாரணம் ஒண்ணு. 1946இல் வந்த 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்'. ஃப்ராங்க் காப்ரா டைரக்ஷன், ஜேம்ஸ் ஸ்டூவர்ட் ஹீரோ. ஐந்து பரிந்துரைகள். ஒன்றிலும் ஜெயிக்கவில்லை. அந்தப் படத்துக்காக உருவாக்கிய செயற்கைப் பனிக்கு மட்டும் ஒரு தொழில்நுட்ப விருது கொடுத்தார்கள். அதுவரை சினிமாவில் பனி என்றால் வெள்ளையடித்த கார்ன்ஃபிளேக்ஸ். மிதித்தால் நொறுங்கும் சத்தத்தில் வசனமே பதிவாகாது. தீயணைப்பு நுரையும் சோப்பும் கலந்து சத்தமில்லாத பனியைச் செய்தார்கள். பனி ஜெயித்தது, படம் தோற்றது. வசூலும் போடாத படம் அது.

அப்புறம் 1974இல் ஒரு தப்பு நடந்தது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி 28 வருஷம் முடிந்ததும் காப்புரிமையைப் புதுப்பிக்கணும். இந்தப் படத்துக்கு யாரும் புதுப்பிக்கவில்லை. டொமைன் ரெனியூ பண்ண மறந்த கதைதான். உடனே டிவி சேனல்கள் எல்லாம் படத்தை ஓசியில் போட ஆரம்பித்தன. ஒவ்வொரு டிசம்பரிலும், திரும்பத் திரும்ப. 1993இல் மூலக்கதை, இசை உரிமைகளைக் காட்டி ஒரு நிறுவனம் அந்த ஓசியை நிறுத்தியது. ஆனால் அதற்குள் அது அமெரிக்கர்களின் கிறிஸ்துமஸ் படமாகவே ஆகிவிட்டது. ஒரு கிளாசிக் பிறந்தது, யாரோ ஒரு ஃபாரத்தை நிரப்பாமல் விட்டதால்.

சாஃப்ட்வேர்காரனா எனக்கு இது புரியுது. விருதுங்கறது ரிலீஸ் அன்னைக்கு வர்ற ரிவ்யூ. அன்றைய மனநிலை, அன்றைய பயம், அன்றைய பகை எல்லாம் அதுல இருக்கும். கிளாசிக்ங்கறது இருபது வருஷம் கழிச்சும் யாரோ அதை ஓட்டிப் பார்க்கறாங்களாங்கறது. ஓட்டிப் பார்க்கணும்னா முதல்ல ஃபைல் இருக்கணும்.

இங்கேதான் நம்ம பக்கம் ஒரு வலி இருக்கு. முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்'. 1931 அக்டோபர் 31 வெளியானது. டி.பி. ராஜலட்சுமி கதாநாயகி. அதன் பிரதி ஒன்றுகூட இன்றைக்கு இல்லை. அது நல்ல படமா, மோசமான படமா? அதைச் சொல்ல நமக்கு வாய்ப்பே இல்லை. மாறாக, சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் உதய் சங்கர் எடுத்த 'கல்பனா' 1948இல் வந்தது. மார்ட்டின் ஸ்கார்செஸி தொடங்கிய அமைப்பு அதை மீட்டெடுத்து, 2012 கான் விழாவில் திரையிட்டார்கள். 64 வருஷம் கழிச்சு ஒரு படத்துக்கு மறுபடி ஆடியன்ஸ். ஃபைல் இருந்தது, அதனால் முடிந்தது.

ஷேஃபர் அன்றைக்கு அந்த 8 லட்சத்தை வாங்கியிருந்தா, கேனும் காளிதாஸ் மாதிரி வெறும் பேரா மட்டும்தான் இருந்திருக்கும். ஆஸ்கார்ல தோத்தது கேனுக்கு ஒரு ராத்திரி அவமானம். நெகட்டிவ் எரிஞ்சிருந்தா அது நிரந்தரம்.

எது பெரிய படம்னு கேட்டா, இன்னைக்கும் கேன்தான்னு சொல்வேன். அதுல எனக்குக் குழப்பம் இல்லை. ஆனா 'ஹவ் கிரீன் வாஸ் மை வேலி' அந்த வாக்கியத்துல வர்ற ஒரு ஜோக் கிடையாது. அது ஒரு நல்ல படம். அதுக்குத்தான் இந்த மன்னிப்பு.

படம் முடிஞ்சதும் அப்பா ரொம்ப நேரம் எதுவும் சொல்லல. கப்பல்ல போன பிள்ளைங்க யாராவது திரும்பி வந்தாங்களான்னு மட்டும் கேட்டார். அதைப் படம் காட்டலன்னு சொன்னேன். "ம்" என்றார். நான் மறுநாள் காலையில பெங்களூர் பஸ் ஏறணும்.

அடுத்த ஆஸ்கார் திங்கட்கிழமை நீங்க அந்த வாக்கியத்தைச் சொல்றதுக்கு முன்னாடி ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைப் பாருங்க. முடிஞ்சா வீட்டுல பெரியவங்க யாராவது பக்கத்துல இருக்கும்போது. அடுத்த எபிசோட்ல சந்திப்போம், மக்களே.