முதுசம், சீதனம், தேடியதேட்டம்

அமெரிக்கத் தொடர்களைப் பார்த்துப் பார்த்து எங்களுக்கு ஜூரி, பெயில், டிஸ்ட்ரிக்ட் கோர்ட் எல்லாம் பாடம். ஆனால் மண்கும்பானில் கிடக்கிற பரம்பரைக் காணியின் உறுதியை எடுத்து விரிச்சால், முதல் பக்கத்திலேயே தடக்குப்படுறம். அந்த உறுதிக்குப் பின்னால 300 வருசத்துக்கு மேற்பட்ட கதை ஒன்று இருக்கு.

ஒல்லாந்தர் காலம். யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் வாழ்ந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்ற திசாவை, எங்கட ஆக்களின் வழக்கங்களைத் தொகுத்து 1707 இல் ஆளுநர் சைமன்ஸிடம் கையளிச்சார். அதை யான் பைரஸ் தமிழாக்கினார். 12 முதலியார்மார் வாசிச்சு, சரிதான் என்று ஒப்புக்கொண்டார்கள். அதுதான் தேசவழமை. 12 பேரும் ஆம்பிளைகள், ஊரில் பெரிய கைகள் என்பதையும் மறக்கக்கூடாது. ஒரு சமூகத்தின் வழக்கத்துக்கு அவர்கள்தான் சாட்சி. பிறகு பிரித்தானியர் வந்து, 1806 இன் 18 ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்ட வலு குடுத்தார்கள்.

இதில் மூன்று சொல் முக்கியம். பரம்பரையா வாறது முதுசம். பெண்ணுக்குக் கலியாணத்தில் குடுக்கிறது சீதனம். கலியாணத்துக்குப் பிறகு தேடினது தேடியதேட்டம். பழைய வழக்கில் தகப்பனின் முதுசம் ஆண்பிள்ளைகளுக்கு, தாயின் சீதனம் பெண்பிள்ளைகளுக்கு, தேட்டம் இரண்டு பக்கத்துக்கும். கலிபோர்னியாவிலும் கலியாணத்துக்குப் பிறகு உழைச்ச சொத்து இருவருக்கும் பொது. அங்கே அது ஸ்பானிய வழியில் வந்தது. அதை முற்போக்கு என்று புகழுற நாங்கள், எங்கட தேட்டத்தைப் பழசு என்று தள்ளுறம்!

நீதிமன்றப் பெயர்களிலும் ஒரு குழப்பம் இருக்கு. தீவுப்பகுதியில் ஒரு குற்ற வழக்கு என்றால் முதலில் ஊர்காவற்றுறை நீதவான் நீதிமன்றம். காணி, விவாகரத்து எல்லாம் மாவட்ட நீதிமன்றம். பாரிய குற்றங்களுக்கு மேல் நீதிமன்றம். அதற்கு மேல மேன்முறையீட்டு நீதிமன்றம், உச்சியில் உயர் நீதிமன்றம். தமிழ்நாட்டுச் செய்தியில் 'உயர் நீதிமன்றம்' என்றால் அது சென்னையிலோ மதுரையிலோ இருக்கிற ஹைகோர்ட், அதற்கு மேல உச்ச நீதிமன்றம் இருக்கு. எங்களுக்கு உயர் நீதிமன்றத்துக்கு மேல ஒன்றுமில்லை. நியூயோர்க்கில் இன்னும் வேடிக்கை: அங்கே 'சுப்ரீம் கோர்ட்' என்பது வழக்கை முதன்முதலில் விசாரிக்கிற இடம். அமெரிக்காவில் மாநில நீதிமன்றங்கள் ஒரு வரிசை, கூட்டாட்சி நீதிமன்றங்கள் இன்னொரு வரிசை. நாங்கள் தொடரில் கேட்கிற டிஸ்ட்ரிக்ட் கோர்ட் பெரும்பாலும் இரண்டாவது வரிசையில் உள்ளது. அதை எங்கட மாவட்ட நீதிமன்றம் என்று நினைக்காதேங்கோ.

ஊர்ப் பெரியவர்கள் சொல்லுற அப்புக்காத்து, பிரக்கிராசி, நொத்தாரிசு, தோம்பு எல்லாம் போர்த்துக்கேய, ஒல்லாந்த வழியில் வந்த சொற்கள். 1974 இல் அப்புக்காத்தும் பிரக்கிராசியும் சேர்ந்து சட்டத்தரணி ஆகிட்டினம். நொத்தாரிசு மட்டும் தப்பிவிட்டார்.

தேசவழமையின் முள்ளு ஒன்று இன்னும் குத்துது. 1911 இன் யாழ்ப்பாண திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, கலியாணம் கட்டின பெண் தன்ர சொந்தக் காணியைக் கைமாற்றவும் புருசனின் எழுத்துமூலச் சம்மதம் வேணும். நகையை விற்கலாம், காணியை முடியாது. புருசனுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. சீதனம் அவளுடையது என்று சொல்லிக்கொண்டே பேனையை இன்னொருவர் கையில் குடுத்தால் அது என்ன உடைமை?

போருக்குப் பிறகு இது வெறும் கொள்கைப் பிரச்சினை இல்லை. புருசன் எங்கே என்றே தெரியாத பெண்களிட்ட யாரின் கையெழுத்தைக் கேட்பது? 'செத்துப்போனார்' என்று எழுதி இறப்புச் சான்றிதழ் வாங்கப் பலருக்கு மனம் ஒப்பவில்லை. அதற்காக 2016 இல், காணாமற்போனமையை உறுதிப்படுத்தும் சான்றிதழ் ஒன்று சட்டத்தில் வந்தது. 1911 சட்டத்திலேயே இன்னொரு வழியும் இருக்கு, கனபேருக்குத் தெரியாது: புருசன் கைவிட்டுப் போனாலோ, இருக்கிற இடம் தெரியாவிட்டாலோ, நியாயமில்லாமல் சம்மதம் மறுத்தாலோ, மனைவி மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போடலாம். நீதிபதியின் கட்டளை அந்தக் கையெழுத்துக்குப் பதிலாக நிற்கும்.