நீர்நாட்டில் ஊசியிலை மரம்

எங்கள் கல்லூரி நுழைவாயிலருகே மூன்று சவுக்கு மரங்கள் நிற்கின்றன. அவற்றின் அடியில், மாணவர் மன்றத்தார் எப்போதோ நட்டுவைத்த தகரப் பலகையொன்றில் ‘ஊசியிலை மரம்’ என்று எழுதியிருக்கிறது. தமிழ் கற்பிப்பவர் என்ற முறையில், அதில் எழுத்துப்பிழை ஏதும் இருந்திருந்தால் அன்றே நம் கண்ணில் உறுத்தியிருக்கும். எழுத்துப்பிழை இல்லை. பொருட்பிழை இருக்கிறது என்பதை அறிந்துகொள்ள நமக்குப் பல ஆண்டுகள் ஆயின.

அறியவைத்தது ஒரு புயல். 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையேறிய கஜா புயல் தஞ்சை, திருவாரூர், நாகை, புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னையையும் சவுக்கையும் சாய்த்துப்போட்ட காட்சியை இப்பகுதியினர் எளிதில் மறக்கமாட்டார்கள். எங்கள் வளாகத்திலும் மரங்கள் விழுந்தன. அடுத்த ஆண்டு புதிய கன்றுகள் நட முன்வந்த மாணவர்கள், எங்கும் காணும் மரங்களை விடுத்து, ஆண்டு முழுதும் பசுமை மாறாத ஊசியிலை மரமொன்றை நடுவோம் என்று விரும்பினர். நாற்றங்கால் ஒன்றில் ‘கிறிஸ்துமஸ் மரம்’ என்ற பெயரில் விற்ற கன்றை வாங்கி வந்து, நூலகத்தின் பின்புறமுள்ள தாழ்வான இடத்தில் நட்டனர். ஐப்பசி மழையில் நீர் தேங்கி நிற்கும் களிமண் தரை அது. முதல் மழைக்காலத்தைக் கன்று தாங்கிற்று. இரண்டாம் ஐப்பசியில் கீழ்க்கிளைகள் பழுப்பேறின. மார்கழிக்குள் பட்டுப்போயிற்று.

பட்டமரத்தைப் பிடுங்கியபோது வேர்கள் கறுத்து அழுகியிருந்தன. உடனிருந்த மாணவி ஒருத்தி, “ஐயா, இது எங்கிருந்தோ வந்த மரம், போய்விட்டது. நம் மண்ணுக்கே உரிய ஊசியிலை மரம் என்று ஒன்று கிடையாதா?” என்று கேட்டாள். இல்லை என்று சட்டெனச் சொல்லிவிட்டோம். சொன்ன பிறகுதான் ஐயம் பிடித்துக்கொண்டது. இக்கட்டுரை அவளுக்குக் காலம் தாழ்த்திக் கொடுக்கும் விடை.

நமக்குத் தெரிந்த வழி இலக்கிய வழிதான். முதலில் அங்கேதான் தேடினோம். சங்கத் தமிழர் நிலத்தையே செடியின் பெயரால் அழைத்தவர்கள். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்தும் தாவரப் பெயர்கள். ஆற்றங்கரையின் ஈரத்தில் ஓங்கும் மருத மரத்தைத் தன் வயல்நாட்டுக்குப் பெயராகச் சூட்டிய மரபில், கபிலரின் குறிஞ்சிப்பாட்டு தொண்ணூற்றொன்பது பூக்களை வரிசையாக அடுக்கித் தருகிறது. அந்த நீண்ட பட்டியலில் ஊசியிலை மரம் எதுவும் இல்லை. முன்பு இதை ‘அம்மரம் இங்கு இல்லாமையால்’ என்று எளிதாகக் கடந்திருப்போம். இப்போது வேறொன்று தோன்றுகிறது. ஊசியிலை மரங்கள் பூப்பதில்லை. இதழும் மணமும் இல்லாத கூம்புகளில் அவை விதையைத் தாங்குகின்றன. பூவைக் கொண்டு மரத்தை அறிந்து, பூவைச் சூடித் திணையைச் சுட்டிய கவிதையின் கண்ணுக்கு, பூக்காத மரம் எதிரே நின்றாலும் பெயர் பெற வாய்ப்புக் குறைவு. இது நம் ஊகமே. ஆயினும் பட்டியலில் இல்லாததெல்லாம் காட்டிலும் இல்லை என்று முடிவுகட்டும் பழக்கத்தை இது சற்றே அசைத்தது.

பெயர்களும் நம்மை அலைக்கழிக்கும். தேவதாரு என்பது இமயத்தில் வளரும் உண்மையான ஊசியிலை மரம். தமிழகத்திலோ, தேவதாரம் என்ற பெயரை வறண்ட புதர்க்காட்டில் வளரும் செம்புளிச்சான் தாங்கிக்கொண்டது. அது பூக்கும் மரம். சவுக்கின் கதையும் அவ்வாறே. 19ஆம் நூற்றாண்டில் ரயில் எஞ்சின்களுக்கும் அடுப்புக்கும் விறகு வேண்டிச் சென்னை மாகாணக் கடற்கரை நெடுகப் பெருமளவில் பயிராக்கப்பட்டது அது. தொங்கும் பச்சை ஊசிகளைக் கண்டு அதை ஊசியிலை மரம் என்கிறோம். ஆனால் ஊசிபோல் தெரிபவை இலைகளே அல்ல. கணுக்கணுவான மெல்லிய பச்சைத் தண்டுகள். உண்மையான இலைகள் அக்கணுக்களில் பல்வரிசைபோல் ஒட்டியிருக்கும் நுண்ணிய செதில்கள். சவுக்கு பூக்கும், காய்க்கும். கூம்பு போலத் தோன்றும் அதன் காய்தான் பலகை எழுதியவர்களை ஏமாற்றியது.

இனி இக்கட்டுரையில் ‘கூம்புமரம்’ என்றே எழுதுவோம். ஏனெனில் தென்னிந்தியாவுக்கே உரிய ஒரேயொரு கூம்புமரத்துக்கு ஊசியிலையே கிடையாது! தாவரவியலார் இன்று நாகெயா வாலிச்சியானா என்றழைக்கும் அம்மரம் முன்பு பொடோகார்ப்பஸ் எனப்பட்டது. கல்கத்தா தாவரத் தோட்டத்தில் பணியாற்றிய டென்மார்க் நாட்டவர் நத்தானியேல் வாலிச்சின் நினைவை அதன் பெயர் தாங்குகிறது. திருநெல்வேலி மலைகளில் நிரம்பலி என்ற பெயர் அதற்கு வழங்கியதைப் பழைய தாவர நூல்கள் குறித்துள்ளன. பாபநாசத்துக்கு மேலுள்ள மலையில், தாவரவியல் நண்பர் ஒருவருடன் சென்றபோது இதை ஒருமுறை கண்டோம். அவர் சுட்டிக்காட்டியிராவிட்டால் நாவல் மரமோ வேறேதோ என்று கடந்து போயிருப்போம். அகன்ற, தடித்த, பளபளக்கும் இலை. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார் நண்பர். நடுநரம்பு இல்லை. அடியிலிருந்து நுனி வரை மெல்லிய நரம்புகள் இணையிணையாக ஓடின. ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பூவின்றி, சதைப்பற்றான காம்பின் மேல் உருண்டையாக ஒற்றை விதை உட்கார்ந்திருக்கும்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில் ஆங்காங்கே அருகிய நிலையில் நிற்கும் இம்மரம், அஸ்ஸாம், மலேயா வழியாக நியூகினி வரை பரந்திருக்கிறது. பழைய கோண்டுவானா நிலத்தின் எச்சமாக இங்கேயே தங்கியதா, கிழக்கேயிருந்து பின்னாளில் வந்து சேர்ந்ததா என்பதில் அறிஞரிடையே இருவேறு கருத்துண்டு.

ஆக, மாணவிக்குச் சொன்ன ‘இல்லை’ பாதி பொய்யாயிற்று. மலையில் உண்டு. சமவெளியில்? இதற்கு விடை கொள்ளிடத்துக்கு அப்பால் கிடந்தது.

தஞ்சை கல்லே இல்லாத நாடு. 1010இல் நிறைவுற்ற பெரிய கோயிலுக்கு ஒவ்வொரு கருங்கல்லும் வெளியிலிருந்தே வந்தது என்பதை இங்கே பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டலின் மேற்பரப்பு சில ஆயிரம் ஆண்டு வயதுடையது. புவியியலின் கணக்கில் நேற்றுப் பிறந்த மண். அதில் பழைய காட்டின் சுவட்டைத் தேடுவது வீண். ஆனால் ஆற்றைக் கடந்து வடக்கே சென்றால் அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிகளில் கிரெட்டேசியக் காலத்துக் கடலடிப் பாறைகள் தரைமேல் திறந்து கிடக்கின்றன. பிளான்ஃபோர்டு என்ற ஆங்கிலேயர் இவற்றை ஆராய்ந்து 1862இல் நூலாக வெளியிட்டார். தெரணி என்ற ஊரின் வெண்களிமண் படிவுகளில் பழந்தாவரங்களின் இலைப் பதிவுகள் கிடைக்கின்றன. சைக்கஸ் போன்ற தோற்றமுடைய, இன்று முற்றும் அழிந்துபட்ட செடிகளும் கூம்புமரக் கொப்புகளும் அவற்றுள் அடக்கம். களிமண்ணில் இலை படிந்து அழுகாமல் பதிய வேண்டுமானால் அங்கே நீர் இருந்திருக்க வேண்டும். நாம் தேடிய ஈரநிலமும் கூம்புமரமும் ஒன்றாகக் கிடைத்த இடம் இதுவே.

அதே பெரம்பலூர்ப் பக்கத்தில், திருச்சி–சென்னை நெடுஞ்சாலையிலிருந்து கிழக்கே பிரிந்து சென்றால் வருவது சாத்தனூர். அங்கே 18 மீட்டருக்கும் மேல் நீளமான ஓர் அடிமரம் கல்லாகக் கிடக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை வேலியிட்டுக் காக்கும் அம்மரத்துக்கு வயது 12 கோடி ஆண்டு என்கிறது அறிவிப்புப் பலகை. அது கூம்புமர வகை. பூக்கும் மரங்கள் உலகை ஆளத் தொடங்குமுன் தழைத்திருந்த இனம். கடற்கரை அக்காலத்தில் அவ்வளவு தூரம் மேற்கே இருந்தது. கரைக்காட்டிலிருந்து வெள்ளத்தில் அடித்துவரப்பட்ட மரம் ஆழமில்லாக் கடலில் மூழ்கிச் சேற்றில் புதைந்தது. மரத்தின் நார்கள் இருந்த இடத்தில் சிலிக்கா மெல்ல மெல்லக் குடியேறியது. இவ்வளவும் நடந்தபின் எஞ்சியதுதான் அந்தக் கல்மரம். அதை 1940இல் அடையாளம் கண்டு உலகுக்கு அறிவித்தவர் டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன். பின்னர் 1951இல் ஆய்வுத்துறையின் தலைமைப் பொறுப்பேற்ற முதல் இந்தியர். இந்தியப் புவியியல் மாணவர்கள் பல தலைமுறையாகப் படித்த நூலின் ஆசிரியர். அவருடைய பெயரின் முதலெழுத்துக்குரிய மகாராஜபுரம் தஞ்சை மாவட்டத்து ஊர். சங்கீத ரசிகர்கள் வேறொருவரைக் கொண்டு அவ்வூரை அறிவார்கள். மருதநிலத்தில் பிறந்த ஒருவர் கல்லாகிப்போன கூம்புமரத்தைக் கண்டெடுத்தார் என்பதைத் தஞ்சையில் எத்தனை பேர் அறிவார்கள் என்று நாம் கேட்டுப் பார்த்தோம். விடை மனத்துக்கு உவப்பாக இல்லை.

இதற்குப் பல கோடி ஆண்டுகள் பிந்தியது விழுப்புரம் அருகேயுள்ள திருவக்கரைக் கல்மரங்கள். பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னெரா 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இவற்றைப் பற்றி எழுதினார். அங்கே பெரும்பாலானவை பூக்கும் மரங்கள். எனினும் பீர்பால் சாஹ்னி 1931இல் வெளியிட்ட கூம்புமரப் புதைபடிவ ஆய்வில் திருவக்கரை மரமும் இடம்பெற்றது. அதன் உள்ளமைப்பு பொடோகார்ப்பஸ் குடும்பத்தைச் சார்ந்தது, அதாவது நம் நிரம்பலியின் குடும்பம்! வக்கராசுரன் என்ற அரக்கனின் எலும்புகளே அக்கற்கள் என்கிறது ஊர்க்கதை. செத்த உயிரின் எச்சம் என்பதை மட்டும் ஊரார் சரியாகவே கண்டிருக்கிறார்கள்.

திருவக்கரையின் அதே மணற்கல் தொடர்தான் தெற்கே வல்லம், ஒரத்தநாடு வரை செம்மண் மேடாக நீள்கிறது. நெய்வேலியில் அதனடியே கிடக்கும் பழுப்பு நிலக்கரி, தொல்பழஞ் சதுப்புக்காடுகள் மக்கியதால் விளைந்தது. முக்கியமாகப் பூக்கும் மரங்களின் காடு அது. அதில் பொடோகார்ப்பஸ் வகை மகரந்தமும் இடையிடையே காணப்படுகிறது. மன்னார்குடிப் பகுதியின் நெல்வயல்களுக்குக் கீழேயும் அத்தகைய நிலக்கரி பெரும்படிவாகக் கிடக்கிறது. 2023இல் ஒரத்தநாட்டு வடசேரி உள்ளிட்ட மூன்று நிலக்கரிப் பகுதிகள் ஒன்றிய அரசின் ஏலப் பட்டியலில் வந்ததும், 2020இன் வேளாண் மண்டலப் பாதுகாப்புச் சட்டத்தைச் சுட்டிக் கிளம்பிய எதிர்ப்பில் சில நாள்களிலேயே அவை விலக்கப்பட்டதும் செய்தித்தாள் படித்தவர் அறிந்ததே. பழைய காட்டை எடுக்கப் புதிய வயலை அழிக்க வேண்டும் என்ற அந்தக் கணக்கை எதிர்த்தவர்கள் பக்கமே நாம் நின்றோம்.

மாணவியின் கேள்வியில் சொல்லப்படாத பகுதியொன்று உண்டு. நிரம்பலி நம்முடையதென்றால், அதை இங்கே நடலாமே! நண்பரிடம் கேட்டோம். ஈரம் என்ற ஒரே சொல்லால் இரண்டு பொருள்களைக் குறிக்கிறீர்கள் என்றார் அவர். மலைக்காட்டின் ஈரம் ஓடும் ஈரம். மழை ஓயாது பெய்யும். ஆனால் சரிவில் இறங்கிப்போகும். உதிர்ந்த இலைகள் மக்கிய பொலபொலப்பான மண்ணில் வேருக்குக் காற்றும் கிடைக்கும். வயல்நாட்டின் ஈரம் தேங்கும் ஈரம். களிமண்ணின் நுண்துளைகளை நீர் அடைத்துக்கொண்டால் வேர் மூச்சுத் திணறும். நெற்பயிர் தண்டுக்குள்ளேயே காற்றுக் குழாய் வைத்திருக்கிறது. முத்துப்பேட்டை அலையாத்தி சேற்றுக்கு மேலே மூச்சுவேரை நீட்டுகிறது. கூம்புமரங்களில் அவ்வித்தை அறிந்தது அமெரிக்காவின் தென்கிழக்குச் சதுப்புகளில் நிற்கும் சைப்ரஸ் வகை. அதுவும் ஆண்டுதோறும் இலையுதிர்ப்பது, பசுமை மாறாததன்று. நிரம்பலிக்கு இளமையில் நிழலும் வேண்டும். மழையில்லாத சித்திரை வைகாசி வெயிலைச் சமவெளியில் அது எப்படித் தாங்கும்? வல்லத்துச் செம்மண் மேட்டில், பெரிய மரங்களின் நிழலில், கோடையெல்லாம் நீர் ஊற்றி ஒன்றிரண்டை வளர்த்துப் பார்க்கலாம், அவ்வளவே என்றார்.

தென்னையை வரப்பிலும் நெல்லைப் பள்ளத்திலும் வைத்த நம் முன்னோர்க்கு இந்த வேறுபாடு தெரிந்தே இருந்தது. மண்ணுக்குரிய மரம் என்று சொல்லும்போது எந்த மண், எந்தக் காலத்து மண் என்று நாம் கேட்பதில்லை. நூலகத்தின் பின்புறத் தரைக்கு நிரம்பலி, நார்ஃபோக் தீவிலிருந்து வந்த அந்தக் கிறிஸ்துமஸ் மரத்தைப் போலவே அயலார்தான். வனத்துறையின் அனுமதியின்றி மலையிலிருந்து கன்றோ விதையோ எடுப்பது குற்றம் என்பதையும் மாணவர்களுக்குச் சொன்னோம். ஆர்வத்தில் எதையும் செய்துவிடுவார்கள்.

சென்ற தை மாதம் மாணவர்களைச் சாத்தனூருக்கு அழைத்துச் சென்றோம். கேள்வி கேட்ட மாணவி படிப்பு முடித்து வேலைக்குப் போய்விட்டாள். அவளுக்குப் படம் எடுத்து அனுப்பினோம். கிறிஸ்துமஸ் மரம் பட்டுப்போன பள்ளத்தில் இப்போது ஒரு மருதங்கன்று நிற்கிறது. இரண்டு ஐப்பசிகளைக் கண்டுவிட்டது. நம் தோளுக்கு மேல் வளர்ந்திருக்கிறது. சவுக்கின் அடியிலுள்ள பலகையை மாற்றித் தருமாறு இருமுறை எழுதிக் கொடுத்தோம். புதிய வண்ணம் பூசினார்கள். எழுத்து அதேதான்.